இயந்திரத்தைச் சோதிக்கும் கண்



"செயற்கைக் கண்" என்ற சொல்லைக் கேட்டதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, ஷெல் துண்டிலோ மிதிவெடியிலோ கண்ணை இழந்த ஒருவருக்கு முகத்தோற்றத்துக்காகப் பொருத்தப்படும் கண்தான். அந்தக் கண் எதையும் பார்ப்பதில்லை. பிறர் பார்ப்பதற்காகவே அது வைக்கப்படுகிறது. இக்கட்டுரையில் நாம் பேசப்போகும் செயற்கைக் கண் வேறொன்று. அது எந்த மனிதருடைய முகத்திலும் பொருத்தப்படுவதில்லை. கண்ணைப் பரிசோதிக்கும் இயந்திரங்களுக்கு முன்னால், நோயாளி நாடியை ஊன்றும் இடத்தில் அது வைக்கப்படுகிறது. இயந்திரம் மனிதரின் கண்ணைச் சோதிக்கிறது. இந்தக் கண் இயந்திரத்தைச் சோதிக்கிறது.

இது ஆய்வுகூடத்துக்குள் இருப்போரின் விடயம், தோட்டமும் வயலும் செய்து வாழ்கின்ற எமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எமது கிராமங்களுக்கும் நலன்புரி நிலையங்களுக்கும் கண் முகாம்கள் வருவதுண்டு. பாடசாலை மண்டபத்தில் ஒரு மேசை. மேசையில் ஒரு இயந்திரம். நாடியை ஒரு தட்டில் ஊன்றி, நெற்றியை ஒரு பட்டியில் அழுத்தி, உள்ளே பார்க்கச் சொல்வார்கள். நீண்டு செல்லும் தெருவின் முடிவில் ஒரு பலூனோ, வெளியின் நடுவே ஒரு வீடோ தெரியும். அது ஒருமுறை மங்கும், பின்னர் தெளியும். சில விநாடிகளில் பஸ் ரிக்கற் போன்ற ஒரு கடதாசித்துண்டு வெளியே வரும். அதிலே சில இலக்கங்கள் இருக்கும். "கொம்பியூட்டரில் கண் பார்த்தாயிற்று" என்று வீட்டுக்கு வந்து சொல்கிறோம். அந்த இலக்கங்கள் சரியானவைதானா என்று கேட்க எவருக்கும் தோன்றுவதில்லை.

நெல் விற்கப் போகும்போது நாம் இவ்வளவு நம்பிக்கையோடு போவதில்லை. தட்டு வெறுமையாக இருக்கையில் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறோம். தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். சந்தேகம் வந்தால், 50 கிலோ என்று முன்னமே நிச்சயமாகத் தெரிந்த ஒரு படிக்கல்லைத் தட்டில் ஏற்றச் சொல்கிறோம். முள் 48 இல் நின்றால், பிழை கல்லிலே இல்லை, தராசிலே என்று உடனே சொல்லிவிடுவோம். கண் பார்க்கும் இயந்திரமும் ஒருவகைத் தராசுதான். அதற்கும் ஒரு படிக்கல் வேண்டும். அந்தப் படிக்கல்தான் செயற்கைக் கண் மாதிரி.

உயிருள்ள கண் படிக்கல் ஆகாது

உலகத்தில் இத்தனை கோடி மனிதக் கண்கள் இருக்கும்போது, இயந்திரத்தைச் சோதிக்கவென்று ஒரு பொய்க்கண்ணைச் செய்வானேன்? நல்ல பார்வையுள்ள ஒருவரை இருத்திப் பார்த்தால் போதாதா?

போதாது. முதலாவது, உயிருள்ள கண் ஓரிடத்தில் நிற்பதில்லை. நாம் ஒன்றை உற்றுப் பார்க்கையிலும் அது நுண்ணிதாக அசைந்துகொண்டே இருக்கிறது. மேலுள்ள கண்ணீர்ப் படலம் காய்கிறது. இமைத்ததும் மறுபடி பரவுகிறது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று. கண்ணுக்குள் இருக்கும் வில்லையோ, கிட்டப் பார்க்கும்போது தடித்தும் தூரப் பார்க்கும்போது மெலிந்தும் தன் வலுவை மாற்றிக்கொள்கிறது. சிறு பிள்ளைகளில் இம்மாற்றம் மிகப் பெரிது. இயந்திரத்துக்குள் தெரியும் படத்தை அது கிட்ட இருப்பதாக எண்ணி ஒரு பிள்ளை உற்றுப் பார்த்தால், இல்லாத குறும்பார்வை இருப்பதாக இலக்கம் வரும். பலூன் ஒருமுறை மங்குவது இதற்காகவே. வேண்டுமென்று மங்கச் செய்து, கண்ணைத் தளரவிடப் பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சில வேளைகளில் கண்ணில் மருந்து விட்டு அந்த வில்லையைத் தளரச் செய்தபின் சோதிப்பதும் இதற்காகவே.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. ஒரு மனிதருடைய கண்ணின் உண்மையான அளவு எவ்வளவு என்று நமக்கு எப்படித் தெரியும்? இன்னொரு இயந்திரத்தால் அளந்துதானே? அந்த இயந்திரம் சரியென்று எப்படித் தெரியும்? ஒரு தராசை இன்னொரு தராசால் நிறுத்துப் பார்த்துக்கொண்டே போனால், எல்லாத் தராசும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் ஒருவருக்கும் தெரியவராது. எங்காவது ஓரிடத்தில், நாமே செய்து, நாமே அளந்து, அளவு மாறாது என்று உறுதிசெய்த ஒரு பொருள் இருக்கவேண்டும்.

இறந்த மிருகங்களின் கண்களும் பயன்படுத்தப்படுவதுண்டு. மாட்டுக் கண்ணும் பன்றிக் கண்ணும் சத்திரசிகிச்சை பழகுவதற்கு உதவும். ஆனால் சில மணித்தியாலங்களில் அவற்றின் முன்பக்கம் வீங்கி மங்கத் தொடங்கிவிடும். இன்று அளந்த கண்ணை நாளை அளக்க முடியாது. படிக்கல்லுக்கு அழகு மாறாதிருத்தல் அல்லவா?

வீட்டிலேயே ஒரு கண்

இந்தக் கண் எப்படி வேலை செய்கிறது என்பதை எழுத்தால் விளக்குவதைவிட, செய்து பார்ப்பது இலகு. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை வைத்துச் செய்யுங்கள்.

அம்மம்மா வாசிப்பதற்குப் போடும் கண்ணாடியில் பழுதானது ஒன்று கிடைத்தால், அதன் ஒரு வில்லையைக் கழற்றி எடுங்கள். கண்ணாடியின் கைப்பிடியில் +3.00 என்று எழுதியிருந்தால் மிகவும் நல்லது. தடித்த மட்டையில், ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகக்கூடியதாக இரண்டு குழாய்கள் சுற்றிக்கொள்ளுங்கள். வெளிக்குழாயின் முன்வாயில் வில்லையை ஒட்டுங்கள். அதன் முன், நடுவிலே சிறுவிரல் நுழையுமளவு துவாரமிட்ட ஒரு கறுப்பு மட்டையை ஒட்டுங்கள். உட்குழாயின் முன்வாயில், அதாவது குழாய்க்குள் வில்லையை நோக்கி நிற்கும் வாயில், எண்ணெய் தடவிய வெள்ளைக் கடதாசியை இழுத்துக் கட்டுங்கள். இருட்டான அறைக்குள் இருந்து, யன்னலுக்கு வெளியே வெயிலில் நிற்கும் பனையை நோக்கி இதைப் பிடித்து, பின்வாயால் கடதாசியைப் பாருங்கள்.

உட்குழாயை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் பனை தலைகீழாக, தெளிவாகத் தெரியும். அந்த நேரம் வில்லைக்கும் கடதாசிக்கும் இடையிலுள்ள தூரத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர் இருக்கும். இதில் மாயமில்லை. ஒரு மீற்றரை, அதாவது 100 சென்ரிமீற்றரை, வில்லையின் வலுவான 3 ஆல் வகுத்தால் 33 வருகிறது. கண்ணாடிக் கடையில் "பவர்" என்று சொல்லப்படுவது இந்த வலுவைத்தான். அதன் அலகின் பெயர் டயொப்டர்.

நீங்கள் செய்த இந்தக் குழாயில் வில்லை கண்ணின் முன்பக்கம். துவாரமிட்ட மட்டை கண்மணி. எண்ணெய்க் கடதாசி விழித்திரை. 33 சென்ரிமீற்றரில் நிற்கும்போது அது குறையில்லாத கண். இப்போது உட்குழாயைப் பின்னுக்கு இழுத்து, தூரத்தை 50 சென்ரிமீற்றர் ஆக்குங்கள். பனை மங்கிவிடும். 100 ஐ 50 ஆல் வகுத்தால் 2. இந்த நீளத்துக்கு 2 டயொப்டர் வில்லையே போதும்; ஆனால் இருப்பதோ 3. ஒன்று மிகையாகிவிட்டது. ஆகவே இது −1.00 கண்ணாடி தேவைப்படும் குறும்பார்வைக் கண். உட்குழாயை முன்னுக்குத் தள்ளி 25 சென்ரிமீற்றரில் நிறுத்தினால் 4 டயொப்டர் தேவை, ஒன்று குறைகிறது. இது +1.00 கண்ணாடி தேவைப்படும் நீள்பார்வைக் கண்.

இங்கே கவனிக்கவேண்டியது யாதெனில், எந்த இயந்திரத்தாலும் சோதிக்காமல், ஒரு அடிமட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இந்தக் கண்ணின் குறைபாடு இவ்வளவுதான் என்று நம்மால் சொல்ல முடிகிறது. இந்தக் கண்ணை ஒரு இயந்திரம் அளந்து −1.50 என்று சொன்னால், குற்றம் இயந்திரத்தினுடையது. செயற்கைக் கண் மாதிரியின் முழு இரகசியமும் இவ்வளவுதான்.

உண்மையான கண் மிகச் சிறியது. ஆகவே நுட்பம் கூட வேண்டும். வளர்ந்தவர் ஒருவரின் கண்ணின் நீளம் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர்; அதன் மொத்த வலு ஏறத்தாழ 60 டயொப்டர். அந்த அளவுக் கண் ஒரு மில்லிமீற்றர் நீண்டுவிட்டால் இரண்டரை அல்லது அதற்கும் சற்றுக் கூடிய டயொப்டர் குறும்பார்வை வந்துவிடும். அதனால் செயற்கைக் கண் செய்பவர்கள் ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கையும் கவனித்துச் செய்கிறார்கள். முகாமுக்கு வரும் அந்த இயந்திரத்துடன் வழங்கப்படும் சோதனைக் கண் பெரும்பாலும் ஒரு சிறிய கறுப்புக் குழாய். முன்னால் ஒரு வில்லை, பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு பூச்சு. அதன் மேல் அதன் பெறுமதி எழுதப்பட்டிருக்கும். நாடித்தட்டில் பொருத்தி ஒருமுறை அளந்தால், எழுதியிருக்கும் இலக்கமும் இயந்திரம் காட்டும் இலக்கமும் பொருந்துகின்றனவா என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

நானூறு ஆண்டு முயற்சி

கண்ணை ஒரு கருவியாக எண்ணிப் பார்க்கும் பழக்கம் பழையது. 1604 இல் கெப்ளர் என்னும் வானியலாளர், வெளியுலகின் உருவம் விழித்திரையில் தலைகீழாக விழுகின்றது என்று விளக்கினார். இயேசு சபைக் குருவான கிறிஸ்தோப் ஷைனர் 1619 இல் கண்ணைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மிருகக் கண்ணின் பின்சுவரை நீக்கி, அங்கே விழும் உருவத்தை நேரில் காட்டியவர் அவர். 1637 இல் டேக்கார்ட் தம் நூலில் இதே பரிசோதனையை மாட்டுக் கண்ணில் செய்யும் விதத்தை எழுதினார். பின்சுவர் நீங்கிய இடத்தை மெல்லிய கடதாசியாலோ முட்டைக் கோதாலோ மூடலாம் என்பது அவர் சொன்ன யோசனை. நாம் எண்ணெய்க் கடதாசி கட்டியதும் அதே வேலைக்குத்தான்.

ஒல்லாந்தரான ஹைகன்ஸ் மிருகக் கண்ணையே விட்டுவிட்டார். இரண்டு அரைக்கோளங்களை ஒன்றுசேர்த்து உள்ளே நீர் நிரப்பிய ஒரு கண்ணை அவர் அமைத்தார். பின்பக்க அரைக்கோளத்தின் ஆரை முன்பக்கத்தினதைப்போல மூன்று மடங்கு. விழிவெண்படலம், வில்லை என்று தனித்தனியே பிரிக்காமல், முழுக் கண்ணையும் ஒரே வளைவும் நீருமாகச் சுருக்கிவிட்டார். அவர் இறந்தபின், 1703 இல் அச்சான நூலில் இது இருக்கிறது. எவ்வளவு எளிமை! மாணவருக்குக் கண்ணைக் கற்பிக்க இன்றும் இந்த எளிமையே உதவுகிறது.

1851 இல் ஜேர்மனியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் உயிருள்ள கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை உலகுக்கு அறிமுகப்படுத்தியபின் கண் கருவிகள் ஒவ்வொன்றாக வரத்தொடங்கின. கருவிகள் பெருகவே கண்ணின் சராசரி அளவுகளை நிச்சயிக்கவேண்டிய தேவையும் வந்தது. சுவீடன் நாட்டுக் கண் வைத்தியர் குல்ஸ்ற்ரான்ட் ஒவ்வொரு வளைவையும் ஒவ்வொரு படையும் ஒளியை எவ்வளவு முறிக்கிறது என்பதையும் கணித்து ஒரு மாதிரிக் கண்ணை எண்களில் வரைந்தார். விழிவெண்படலத்தின் முன்வளைவு ஆரை 7.7 மில்லிமீற்றர், அதன் முறிவுச் சுட்டி 1.376 என்பன அவர் தந்த அளவுகள். 1911 இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. செயற்கைக் கண் செய்வோர் இன்றும் இந்த எண்களில் இருந்தே தொடங்குகிறார்கள்.

வில்லை தவறினால்

கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்து, உள்ளே பிளாஸ்டிக் வில்லை வைத்துக்கொண்டவர்கள் உங்கள் குடும்பங்களிலும் இருப்பார்கள். அந்த வில்லைக்குப் பின்னால் ஒரு போர்க்கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், விமானத்தின் மேல்மூடி உடைந்து அதன் பிளாஸ்டிக் சிராய்கள் சில விமானிகளின் கண்ணுக்குள் புகுந்தன. கண்ணாடிச் சிராய் போனால் கண் வீங்கிப் புண்ணாகும். இந்தப் பிளாஸ்டிக்கை மட்டும் கண் பேசாமல் ஏற்றுக்கொண்டது. இதைக் கவனித்த ஹரல்ட் றிட்லி என்னும் ஆங்கிலேய வைத்தியர், அதே வகைப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்வித்து, 1949 நவம்பரில் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் ஒரு பெண்ணின் கண்ணில் வைத்தார்.

கண் வில்லையை ஏற்றுக்கொண்டது. ஆனால் பார்வை? அந்தப் பெண்ணுக்கு 18 டயொப்டருக்கும் மேற்பட்ட குறும்பார்வை உண்டாகிவிட்டது. அப்படிப்பட்ட கண்ணுக்கு, கண்ணாடி இல்லாமல், ஐந்தாறு சென்ரிமீற்றருக்கு அப்பால் உள்ளதெல்லாம் மங்கல். இயற்கை வில்லையின் வடிவத்தைப் பின்பற்றி அந்த வில்லை செய்யப்பட்டிருந்தது. பிளாஸ்டிக்கோ இயற்கை வில்லையைவிடக் கூடுதலாக ஒளியை முறிக்கும். அந்த வேறுபாட்டுக்கான கணக்குத் தவறிவிட்டது. றிட்லி பெரிய மனிதர். அவர் திறந்த வழியால் கோடிக்கணக்கானோர் இன்று பார்க்கிறார்கள். எனினும் முதலாவது நோயாளியின் கண்ணே சோதனைக் கண்ணாகவும் இருக்க நேர்ந்தது என்பதை மறக்க முடியாது.

இன்று வில்லை கண்ணுக்குள் போகுமுன் செயற்கைக் கண்ணுக்குள் போகிறது. விழிவெண்படலத்துக்குப் பதிலாக ஒரு கண்ணாடி வில்லை, அதற்குப் பின்னால் தட்டையான யன்னல்கள் கொண்ட, உப்புநீர் நிறைந்த ஒரு சிறு தொட்டி, தொட்டிக்குள் சோதிக்கப்படும் வில்லை, கடைசியில் விழித்திரையின் இடத்தில் ஒரு கமரா. நீருக்குள் வைப்பதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்குள் அந்த வில்லை நீரில்தான் இருக்கப்போகிறது. அதே வில்லை காற்றில் மூன்று மடங்குக்கும் கூடுதலான வலுவைக் காட்டும். கண்ணுக்குள் இருக்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ், என்பதையும் கணக்கில் எடுக்கிறார்கள். 3 மில்லிமீற்றர் துவாரத்தின் வழியே ஒளியைச் செலுத்தி, மெல்லிய கறுப்பு வெள்ளைக் கோடுகள் எவ்வளவு தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன என்று பார்க்கிறார்கள். இதற்கென்று சர்வதேச நியமங்கள் எழுதப்பட்டுள்ளன.

எமக்கு அண்மையில், மதுரையில், அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஓரோலாப் நிறுவனம் 1992 இல் தொடங்கி இவ்வில்லைகளைச் செய்துவருகிறது. நூறு டொலருக்கும் மேல் விற்ற ஒரு பொருளை ஏழை விவசாயியும் வாங்கும் விலைக்கு அது கொண்டுவந்தது. விலை குறைந்த வில்லை என்றால் தரம் குறைந்தது என்று எம்மவர் சிலர் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பதில் விலைப்பட்டியலில் இல்லை. செயற்கைக் கண்ணுக்குள் இரண்டு வில்லைகளையும் வைத்தால், எது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று அந்தக் கண்ணுக்குத் தெரியாது. கோடு தெளிகிறதா என்பது மட்டும் தெரியும்.

வில்லை சரியாக இருந்தும் ஆளுக்குப் பொருந்தாமற் போகலாம். யாருக்கு எத்தனை டயொப்டர் வில்லை என்று நிச்சயிக்க, சத்திரசிகிச்சைக்கு முன் கண்ணின் நீளத்தையும் முன்வளைவையும் அளக்கிறார்கள். நீளத்தில் ஒரு மில்லிமீற்றர் தவறினால் வில்லையில் இரண்டரை டயொப்டர் தவறும். ஒலியலையால் நீளம் அளக்கும் கருவிக்கு, நீளம் எழுதப்பட்ட பிளாஸ்டிக் கட்டை ஒன்று சோதனைக் கண்ணாகத் தரப்படுகிறது. வளைவை அளக்கும் கருவிக்கு உருக்குக் குண்டு. சைக்கிள் சில்லின் நடுவே உருளும் குண்டை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதே இனம், சற்றுப் பெரியது, மிகச் சரியாகக் கடையப்பட்டது. 7.5 மில்லிமீற்றர் ஆரையுள்ள குண்டை வைத்தால் இக்கருவி 45 டயொப்டர் என்று காட்டவேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அழுத்தமும் படமும்

குளுக்கோமா என்னும் நோயில் பலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நோவில்லாமல், ஓரங்களில் இருந்து பார்வை அழிந்துகொண்டு வரும். இழந்தது திரும்பாது. பொதுவாக 21 மில்லிமீற்றர் இரசத்துக்கு மேற்பட்ட அழுத்தம் கவனிக்கப்படவேண்டியது என்பர். 26 உள்ளவருக்குக் கருவி 20 என்று காட்டினால், அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போய், சில ஆண்டுகளில் வரம்பில் நடக்கையில் பக்கத்தில் வரும் மாட்டைக் காணாமல் முட்டிக்கொள்வார்.

நோர்வே வைத்தியர் ஷியோட்ஸ் 1905 இல் கொண்டுவந்த பழைய அழுத்தமானியின் பெட்டிக்குள், விழிவெண்படலம்போல வளைந்த ஒரு உலோகக் குமிழ் இருக்கும். கருவியை அதன்மேல் நிறுத்தினால் முள் பூச்சியத்தில் நிற்கவேண்டும். வைத்தியர் ஒவ்வொரு தடவையும் செய்துபார்க்கவென்றே அது வைக்கப்பட்டது. பின்னர் வந்த கோல்ட்மன் அழுத்தமானிக்கு 0, 20, 60 ஆகிய மூன்று இடங்களைச் சோதிக்க ஒரு நிறைக்கோல் உண்டு. ஆய்வாளர்கள் சிலிக்கோன் கண் செய்து, அதற்குள் நீர்க்குழாய் விட்டும் சோதிக்கிறார்கள். தண்ணீர்த் தாங்கியை உயர்த்தினால் குழாயில் வேகம் கூடும் என்பது தோட்டக்காரருக்குச் சொல்லித்தரவேண்டிய பாடமல்ல. கண்ணுக்கு மேலே 27 சென்ரிமீற்றர் உயரத்தில் நீர்மட்டம் நின்றால் உள்ளே அழுத்தம் 20 மில்லிமீற்றர் இரசம். மட்டத்தை உயர்த்தி, தாழ்த்தி, கருவி அதைப் பின்தொடர்கிறதா என்று பார்க்கலாம்.

நீரிழிவு உள்ளவர்களின் விழித்திரையைப் படம் பிடிக்கும் கமராக்கள் இப்போது கைத்தொலைபேசியில் பொருத்துமளவுக்குச் சிறுத்துவிட்டன. படத்தைப் பார்த்து முடிவு சொல்லும் கணினி நிரலுக்கு அமெரிக்காவில் 2018 இல் அனுமதி கிடைத்தது. இக்கமராக்களைச் சோதிக்கும் கண்ணில், பின்சுவரில் மெல்லிய இரத்தக்குழாய்களும் அளவுக்கோடுகளும் வரையப்பட்டிருக்கும். இன்னும் நுட்பமானது, ஒளியலையால் விழித்திரையைப் படை படையாக வெட்டிக் காட்டும் கருவி. 1991 இல் அது முதலில் வெளியிடப்பட்டது. விழித்திரையின் தடிப்போ நடுப்பகுதியில் ஏறத்தாழக் கால் மில்லிமீற்றர். ஒரே கண்ணை இரண்டு கம்பனிகளின் கருவிகள் அளந்து இரண்டு தடிப்பைச் சொன்னதுண்டு. ஒவ்வொன்றும் விழித்திரையின் அடிக்கோட்டை ஒவ்வோர் இடத்தில் எடுத்துக்கொண்டது அதற்குக் காரணம். ஒரு வைத்தியசாலையில் எடுத்த அளவை இன்னொரு வைத்தியசாலையில் ஒப்பிட்டு, நோய் கூடியதா குறைந்ததா என்று சொல்வது எப்படி? ஓரிடத்தில் நிலையாக இல்லாமல், போகும் இடமெல்லாம் வேறு வேறு வைத்தியசாலைக்குப் போக நேர்ந்த குடும்பங்களுக்கு இது வெறும் கேள்வி அல்ல. 2014 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளரும் சேர்ந்து, சிலிக்கோன் போன்ற பொருளில் ஒளியைச் சிதறச்செய்யும் நுண்துகளைக் கலந்து, படை படையாக விழித்திரையைப் போலவே ஒன்றைச் செய்து வெளியிட்டனர். நடுவிலுள்ள பள்ளம்கூட அதில் உண்டு.

பொய்க்கண்ணின் குறை

இவ்வளவு சொன்னபின் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. செயற்கைக் கண் மிகவும் நல்ல கண். அது அசையாது, இமைக்காது, கண்ணீர் வடிக்காது, புரை கொண்டிராது. வெயிலிலும் புழுதியிலும் நாற்பது ஆண்டு வேலை செய்தவரின் கண் அப்படியல்ல. கண்மணி சுருங்கியிருக்கும், வெள்ளைச் சதை வளர்ந்திருக்கும், உள்ளே வில்லை பழுத்திருக்கும். மாதிரிக் கண்ணில் தேறிய இயந்திரம் இந்தக் கண்ணில் தடுமாறலாம். விழித்திரையின் நிறமும் மக்களுக்கு மக்கள் மாறும். எம்மைப் போன்றவர்களில் அது கருமை கூடியது. வெளிறிய விழித்திரையைப் பார்த்து நிறம் தீட்டிய மாதிரி எமக்கு முழுதும் பொருந்தாது. ஆதலால் மாதிரிக் கண்ணோடு நின்றுவிடாமல், பலவகை மனிதரிலும் கருவி சோதிக்கப்படவேண்டும். மாதிரிக் கண்ணில் தேறுவது முதலாம் வகுப்பு. அதிலேயே தவறிய இயந்திரத்தை மனிதர் முன் கொண்டுவரவே கூடாது.

இயந்திரம் தந்த துண்டோடு மட்டும் கண்ணாடி எழுதித் தருவதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்த இலக்கம் தொடக்கம்தான். சோதனைச் சட்டத்தில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, எழுத்துப் பலகையை வாசிக்கச் செய்து, "இதுவா தெளிவு, முன்னையதா?" என்று உங்களைக் கேட்டபின்பே எழுதவேண்டும். புதிய கண்ணாடி போட்டு ஒரு வாரம் கடந்தும் தலையிடி தீரவில்லை, நிலம் சரிந்து தெரிகிறது என்றால், "பழகிவிடும்" என்று பொறுத்திருக்காமல் திரும்பிப் போங்கள். "இயந்திரம் பார்த்ததுதானே, ஐயா" என்று சொன்னால், "அதை இன்று காலை சோதனைக் கண்ணில் பார்த்தீர்களோ?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல பரிசோதகர் இதற்குக் கோபிக்கமாட்டார். குண்டும் குழியுமான தெருவில் வாகனத்தில் ஏற்றி இறக்கிய கருவி, இறக்கிய இடத்தில் மறுபடி சோதிக்கப்படவேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

கிராம அபிவிருத்திச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டில் உள்ள எமது உறவுகள் தங்கள் ஊரில் கழித்த கண் கருவிகளை அன்போடு சேர்த்து அனுப்புகிறார்கள். பெட்டியைத் திறந்ததும் இயந்திரம் ஓடுகிறதா, மின்குமிழ் எரிகிறதா என்று பார்த்து, நன்றிக் கடிதம் எழுதிவிடுகிறோம். ஒரு மூலையில், பஞ்சுக்குள், சின்னக் கறுப்புக் குழாய் ஒன்றோ உலோகக் குமிழ் ஒன்றோ இருக்கவேண்டும். பல பெட்டிகளில் அது இருப்பதில்லை. ஏதோ கழன்ற துண்டு என்று எண்ணி எங்கோ எறிந்திருப்பார்கள். நன்றிக் கடிதம் எழுதும்போதே அதைக் கேட்டு எழுதுங்கள். இயந்திரத்தின் பெயரையும் இலக்கத்தையும் குறிப்பிட்டால், செய்த கம்பனியிடமே விசாரிக்கலாம். அது கைக்கு வரும்வரை அந்தக் கருவியின் இலக்கத்தை நம்பி எவருக்கும் கண்ணாடி எழுத அனுமதிக்கவேண்டாம். அது வந்துசேர்ந்தபின், கருவியைப் பொறுப்பேற்றவர் ஒரு கொப்பியில் திகதியையும் சோதனைக் கண்ணில் வந்த இலக்கத்தையும் முகாமுக்கு முகாம் எழுதிவரட்டும்; இலக்கம் மெல்ல நகர்ந்தால் அந்தக் கொப்பியில்தான் முதலில் தெரியும்.